மடற்பனையும் முடத்தெங்கும்

ஆசிரியர் என்றதும் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஒருவன் தன் வாழ்நாளில் கற்கும் கல்வியின் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியேதான் நிகழ்கின்றது. பணியில் புதிதாகச் சேர்ந்தவனுக்குக் கோப்பில் குறிப்பெழுதும் முறையைக் காட்டித்தரும் தலைமை எழுத்தர் ஓர் ஆசிரியர். தறியில் அறுந்த இழையைப் பிணைக்கும் வகையைக் கைபிடித்துக் கற்பிக்கும் மூத்த நெசவாளர் ஓர் ஆசிரியர். சிமெண்ட் ஆலையில் எந்தப் பொத்தானை எப்பொழுது தொடலாகாது என்று எச்சரிக்கும் ஃபோர்மேன் ஓர் ஆசிரியர். ஆய்வு மாணவருக்கு நெறியாளர், இளம் வழக்குரைஞருக்கு மூத்த வழக்குரைஞர், பயிற்சிச் செவிலியருக்குத் தலைமைச் செவிலியர் என இவ்வரிசை நீண்டு செல்லும். இவர்கள் அனைவரையும் வழிகாட்டிகள் என்னும் ஒரு சொல்லால் ஈண்டுக் குறிப்போம்.

வழிகாட்டியின் பெருமையை நாம் நிரம்பப் பேசியிருக்கிறோம். வழிகாட்டி தவறும்பொழுது என்ன நேர்கின்றது, அத்தவற்றைக் குறைப்பது எங்ஙனம் என்பன பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. பேசினால் குருநிந்தனை ஆகிவிடுமோ என்னும் தயக்கம் நமக்குண்டு. அத்தயக்கத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து இப்பொருளை எண்ணிப் பார்ப்பது இக்காலத்திற்கு மிகவும் தேவையாகின்றது.

முன்னோர் தயங்கவில்லை

நம் இலக்கணிகளுக்கு இத்தயக்கம் இருந்ததில்லை. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை சொன்னார். அத்துடன் நிறுத்தாமல், ஆசிரியராகத் தகாதவர் யார் என்பதையும் வெளிப்படையாக வகுத்துரைத்தார். பொறாமை, பேராசை, வஞ்சகம், கேட்போர் அஞ்சும்படி பேசுதல் ஆகியன உடையோர் ஆசிரியராதற்கு உரியரல்லர் என்பது அவர் துணிபு. பின்னர் அத்தகையோர்க்கு நான்கு உவமைகளையும் தருகின்றார்.

முதலாவது கழற்குடம். கழற்காய்களை இட்ட குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறையில் அவை வெளிவருவதில்லை; முன்னும் பின்னுமாய்க் கொட்டும். தாம் அறிந்ததை முறைப்படுத்திச் சொல்லத் தெரியாதவர் இவ்வகையினர். இரண்டாவது மடற்பனை. கருக்குமட்டை சூழ்ந்த பனையில் ஏறிப் பறிக்க இயலாது. பழம் தானே விழுந்தால்தான் உண்டு. நெருங்கிக் கேட்போர்க்கு ஒன்றும் தராமல், தமக்குத் தோன்றியபொழுது மட்டும் தருபவர் இவர். மூன்றாவது பருத்திக் குண்டிகை. சிறுவாய்க் கலத்துள் பஞ்சை அடைப்பதும் அரிது, வெளியே எடுப்பதும் அரிது. அரிதின் கற்றதைப் பிறர்க்கு எளிதில் ஈயாதவர் இவர். நான்காவது முடத்தெங்கு. நீர் ஊற்றி வளர்த்தவன் ஒருவன். வளைந்துபோன தென்னை காயை உதிர்ப்பதோ அண்டை வீட்டான் கொல்லையில். தம்மை நம்பி உழைத்தவனை விட்டுப் பிறருக்குப் பயனளிப்பவர் இவர்.

மேலை நாட்டு உளவியலார் இப்பொருளை நெடுங்காலத்திற்குப் பின்னரே வகைப்படுத்தத் தலைப்பட்டனர். அமெரிக்க உளவியல் அறிஞர் லில்லியன் ஈபி என்னும் அம்மையார் தம் துணைவரோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுவது. வழிகாட்டப்பட்டோரையே கேட்டு அவர்கள் பட்ட துன்பங்களை அவ்வாய்வு ஐவகையாகப் பகுத்தது: இருவர்தம் இயல்பும் ஒவ்வாமை, வழிகாட்டி எட்டி நிற்றல், தம் பதவியைக் கொண்டு ஆட்டிப்படைத்தல், சொல்லித்தரும் அளவிற்குத் தேர்ச்சியின்மை, வழிகாட்டியின் சொந்த மனக்குறைகள் பணியில் படிதல் என்பன அவை. எட்டி நிற்பவர் மடற்பனை என்பதும், தேர்ச்சியில்லாதவர் கழற்குடம் என்பதும், ஆட்டிப்படைப்பவர் நன்னூலார் கடிந்த வஞ்சகமும் அச்சுறுத்தலும் உடையவர் என்பதும் விளக்காமலே விளங்கும். ஒவ்வாமை என்னும் வகையை மட்டும் நன்னூலார் தனித்து எண்ணவில்லை. ஏனெனில் அக்காலத்து மாணாக்கன் ஆசிரியரைத் தேடிச் சென்றான். ஒவ்வாவிடில் வேறோர் ஆசிரியரை நாடினான். இக்காலத்து இளைஞனோ, நிருவாகம் யாரிடம் ஒப்படைக்கின்றதோ அவரிடமே அடங்கியிருத்தல் வேண்டும்.

இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நம் கருத்துக்கு அதுவே அடிப்படை.

ஆண்டிமடத்துப் பிள்ளைகள்

ஆண்டிமடமும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் முந்திரிக் காடுகளுக்குப் பெயர்பெற்றவை. பக்கத்தே செயங்கொண்டத்தில் தறிகள். மேற்கே அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும். இவ்வட்டாரத்திலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுவோர். பட்டம் பெற்றபின் திருச்சிக்கும் சென்னைக்கும் திருப்பூருக்கும் பணிநாடிச் செல்கின்றனர்.

நகரத்து அலுவலர் வீட்டுப் பிள்ளைக்கு அலுவலகத்தில் ஓர் இடர் நேர்ந்தால், "இதற்கு என்ன செய்வது மாமா?" என்று கேட்க வீட்டிலேயே ஒருவர் இருப்பார். முந்திரிக்கொட்டை உடைத்துப் படிக்கவைத்த தாயிடம் நம் பிள்ளை எதைக் கேட்பான்? அலுவலகத்தின் நடைமுறை, சொல்லும் முறை, சொல்லாமல் விடும் முறை எல்லாவற்றிற்கும் அவனுக்கு வாய்த்த ஒரே சாளரம் அந்த மூத்த பணியாளரே. அச்சாளரம் அடைபட்டால் அறை முழுதும் இருள்தான். ஆகவே வழிகாட்டியின் தவறு எல்லோரையும் ஒரே அளவில் வருத்துவதில்லை. வேறு துணையற்றவனையே மிகுதியும் வருத்துகின்றது.

விடுமுறை நாள்களில் நம்மைக் காணவரும் பழைய மாணவர்கள் சொல்வனவற்றைத் தொகுத்தால் ஒரு சிறு நூலே ஆகும். தனியார் பள்ளியொன்றில் சேர்ந்த ஒருத்திக்குப் பாடக்குறிப்பு எழுதும் முறையை மூத்த ஆசிரியை இறுதிவரை காட்டவில்லை. ஆனால் அப்பெண்ணுக்குக் குறிப்பெழுதத் தெரியவில்லை என்று தலைமையாசிரியரிடம் முதலில் சொன்னவர் அவரே. தொழிற்கூடம் ஒன்றில் பயிற்சியாளனாகச் சேர்ந்த ஒருவன் ஆறு திங்கள் தேநீர் வாங்கி வந்தான், மூத்தவர் வீட்டிற்குக் காய்கறி வாங்கிக் கொடுத்தான்; ஏழாம் திங்களில் "வேலை கற்றுக்கொள்ளவில்லை" என்று சீட்டுக் கிழித்தார்கள். அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்திய மற்றொருத்தி, தான் திருத்திய நூல்களிலெல்லாம் வேறொருவர் பெயர் அச்சாகியிருக்கக் கண்டாள். மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்று இவர்கள் துயரங்களுக்குப் பெயரிட நமக்கு எளிதாயிருக்கின்றது. அவர்களோ ஒவ்வொருவரும், "எனக்குத்தான் திறமையில்லை போலும் ஐயா" என்றே பேச்சைத் தொடங்கினர். தவறான வழிகாட்டுதல் விளைக்கும் கேடுகளுள் தலையாயது இஃதே என்போம். வேலை போனால் வேறு வேலை தேடலாம். தன்மீது கொண்ட நம்பிக்கை போனால் எதைக்கொண்டு தேடுவது?

அடிக்கிற கையும் அணைக்கிற கையும்

இவ்வாறு சொல்லும்பொழுது ஒரு மறுப்பு எழும். "கண்டிப்பு இல்லாமல் தொழில் வருமா? அடிக்கிற கைதான் அணைக்கும். நாங்களெல்லாம் இப்படிப் பட்டுத்தான் தேறினோம்" என்று மூத்தோர் கூறுவர். இம்மறுப்பைப் புறந்தள்ளுதல் முறையன்று. பிழையைப் பிழையென்று சொல்லும் கண்டிப்பு வழிகாட்டுதலின் உயிர்நாடி. நிறைகோல் உள்ள எடையைத்தான் காட்டும். வாடிக்கையாளர் மனம் நோகுமென்று கூட்டிக் காட்டாது. ஒவ்வொரு திருத்தத்தையும் இழிவென்று கருதும் இளைஞர் கற்றுத் தேறார் என்பதையும் ஒப்புக்கொள்வோம்.

ஆனால் கண்டிப்பு வேறு, சிறுமைப்படுத்துதல் வேறு. கண்டிப்பு செயலைத் திருத்துகின்றது. சிறுமைப்படுத்துதல் ஆளைக் குலைக்கின்றது. கண்டித்தவர் அடுத்த முறை செய்துகாட்டுவார்; சிறுமைப்படுத்தியவர் அடுத்த முறையும் பார்வையாளரை அழைப்பார். அடிக்கிற கை அணைக்கும் என்பது தாய்க்குச் சொல்லப்பட்ட பழமொழி. அலுவலகம் தாய்வீடன்று, அங்கே அடித்த கை அணைக்கும் என்பதற்கு யாரும் பிணை நிற்பதில்லை. "நாங்கள் பட்டோம், நீங்களும் படுங்கள்" என்பதோ, மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் தீர்த்துக்கொள்ளும் பழங்கதை. பட்டுத் தேறியவர்களைத்தான் நாம் காண்கிறோம். பட்டுத் தேறாமல் ஒதுங்கிப் போனவர்கள் நம் கண்ணில் படுவதே இல்லை.

தலைசிறந்த அறிவுடையோரையும் இத்துன்பம் விட்டுவைத்ததில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், விண்மீன்களின் இறுதிநிலை பற்றி ஆராய்ந்தார். சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட விண்மீன் வெண்குறுமீனாக அடங்கி நிற்க இயலாது என்பது அவர் கண்ட முடிபு. அந்நாளில் வானியலில் ஈடிணையற்றவராய் விளங்கிய ஆர்தர் எடிங்டன் அவர் அறைக்கே அடிக்கடி வந்து ஆய்வின் போக்கைக் கேட்டறிந்தார். 1935 சனவரி 11 அன்று இலண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் ஆய்வைப் படைத்தார். அவரை அடுத்து எழுந்த எடிங்டன் அம்முடிபு பொருந்தாதென்று எள்ளி நகையாடினார். அவையும் சேர்ந்து நகைத்தது. அறையில் வந்து கேட்டபொழுதெல்லாம் சொல்லாத மறுப்பை அவர் அவையில் சொன்னார். கருத்து மாறுபாடு குற்றமன்று. மாறுபாட்டை மறைத்துவைத்துப் பலர் முன்னிலையில் வீழ்த்தியதே தவறு.

இந்நிகழ்ச்சியில் நாம் மிகவும் எண்ணத்தக்க பகுதி இனித்தான் வருகின்றது. இளைஞர் கூற்றே சரியென்று பாலி முதலிய இயற்பியல் அறிஞர்கள் தனிமையில் ஒப்புக்கொண்டனர். ஆயினும் எடிங்டனுக்கு எதிராக வெளிப்படையாகப் பேச முன்வரவில்லை. சந்திரசேகர் அவ்வாய்வை ஒரு நூலில் தொகுத்து 1939இல் வெளியிட்டுவிட்டு வேறு ஆய்வுத்துறைக்குச் சென்றார். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகம் அவரை ஏற்றிருந்தது. 1983இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. சந்திரசேகருக்குச் சிகாகோ என்று ஒரு மறுகதவு இருந்தது. மறுகதவு இல்லாத சந்திரசேகர்கள் எத்தனை பேரோ!

வழிவிட்ட பெரியோர்

நல்ல வழிகாட்டியை எவ்வாறு அறிவது? அவர் காட்டும் அன்பைக் கொண்டோ கற்பிக்கும் திறத்தைக் கொண்டோ மட்டும் அளவிடல் போதாது. தம்மைவிட்டு அப்பால் செல்ல மாணாக்கனுக்கு அவர் வழிவிடுகின்றாரா என்பதே உரைகல்.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர் தம் இளமைக் கல்வியைப் பெற்றது இந்த அரியலூர், பெரம்பலூர்ச் சீமையிலேதான். அரியலூர்ச் சடகோபையங்கார் அவருக்குத் தமிழின் சுவையைக் காட்டினார். கார்குடிக் கஸ்தூரி ஐயங்கார் நன்னூல் கற்பித்தார். செங்கணம் விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக் காரிகையைச் சொல்லிக்கொடுத்தார். காரிகை கற்பித்த ரெட்டியார் அம்மாணாக்கரைத் தம்மிடமே இருத்திக்கொள்ள முனையவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சென்று பயிலுதலே தக்கது என்று நெறிப்படுத்தினார். ஐயர் தம் தன்வரலாற்றில் இவர்களை நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். தம் எல்லையைத் தாமே உணர்ந்து, "இனி நீ அங்கே செல்" என்று சொல்லக்கூடிய மனம் எத்துணைப் பெரியது!

அந்த மகாவித்துவானிடம் சமய வேறுபாடின்றிப் பலர் பயின்றனர். நாகூர்க் குலாம் காதிறு நாவலர் அவர் மாணாக்கர். கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளையும் அவர் மாணாக்கர். ஒவ்வாமை என்று இக்கால ஆய்வாளர் குறிக்கும் இடர், பிறப்பாலும் சமயத்தாலும் வருவதன்று, மனத்தாலேயே வருவது என்பதற்கு அவ்வகுப்பே சான்று. அவருடைய மற்றொரு மாணாக்கராகிய தியாகராச செட்டியார் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெறும்பொழுது, 1880இல் அவ்விடத்தைச் சாமிநாதையருக்குப் பெற்றுத்தந்தார். தம் நாற்காலியைத் தம் கையாலேயே ஓர் இளைஞருக்கு நகர்த்தித் தந்த மூத்தவர் அவர்.

கடிகைமுத்துப் புலவர் தம்மை வாதுக்கழைத்த புலவர் எதிரே தம் இளம் மாணாக்கர் உமறுப் புலவரை முன்னிறுத்தினார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. மாணாக்கனின் ஒளியில் தம் ஒளி மங்கிவிடும் என்று அஞ்சாத உள்ளத்தை இச்செய்தியும் போற்றுகின்றது.

அலுவலகத்திற்கே ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமாயின் சென்னைத் துறைமுகத்தைக் காண்க. 1912 மார்ச்சு 1 அன்று மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் அங்கே எழுத்தராகச் சேர்ந்தார் கணிதமேதை இராமானுசன். அவர்க்கு மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவர். தமக்குக் கீழே பணிபுரிந்த எழுத்தரோடு மாலை வேளைகளில் அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்தார். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் அவர் திறத்தை எடுத்துரைத்தார். அவ்விருவரும் துணைநின்றமையால், அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகையாக மாதம் 75 ரூபாய் இராமானுசனுக்குக் கிடைத்தது. நல்ல எழுத்தர் ஒருவரை இழந்துவிட்டோமே என்று அவ்வலுவலகம் வருந்தியிருந்தால் உலகம் எதை இழந்திருக்கும்!

நற்குணத்தை மட்டும் நம்பலாமா?

ரெட்டியாரும் செட்டியாரும் நாராயண ஐயரும் தம் நற்குணத்தால் வழிவிட்டனர். நற்குணம் எல்லாரிடத்தும் இராது. இருந்தாலும் எந்நாளும் இராது. ஆதலின் நல்லவர் கிடைத்தால் வாழ்வு, அல்லவர் கிடைத்தால் தாழ்வு என்று இளையோரை ஊழின் கையில் விட்டுவிடுதல் நிறுவனங்களுக்கு அழகன்று.

நம் பழைய மரபு இளையவனுக்கே மிகுதியும் அறிவுரை கூறியது. தீயில் குளிர்காய்பவன் போல மிக அணுகாமலும் மிக விலகாமலும் நிற்க வேண்டும் என்று வள்ளுவர் அரசரைச் சேர்ந்தொழுகுவார்க்குச் சொன்னார். நன்னூலாரும் மாணாக்கனுக்கு அவ்வாறே சொன்னார். அறிவுரை நன்று. ஆனால் தீயைச் சுற்றி ஓர் அடுப்புக் கட்டவேண்டிய கடமை யாருடையது? அது வீட்டுக்குரியவரின் கடமை. இங்கே நிறுவனத்தின் கடமை.

ஆய்வுத்துறையில் இத்தகைய அடுப்புக் கட்டும் முயற்சி ஓரளவு நடைபெற்றுள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகள், நாம் பயின்ற காலத்து எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டன. முனைவர் பட்ட ஆய்வில் ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் ஒரே காலத்தில் நெறியாளராக இருத்தலாகாது என்று அவை வரையறுத்தன. ஆய்வு மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு அறிவுரைக் குழுவின்முன் தம் பணியை எடுத்துரைத்தல் வேண்டும் என்றும் விதித்தன. ஒருவர் கண்ணுக்குப் பதிலாகப் பலர் கண்கள் பார்க்கட்டும் என்பது நல்லேற்பாடே. ஆனால் அக்குழுவைக் கூட்டும் பொறுப்பு நெறியாளரிடமே உள்ளது. நெறியாளரைப் பற்றிய குறையை நெறியாளரே கூட்டிய குழுவில், நெறியாளர் முன்னிலையில், எந்த மாணவர் வாய்திறந்து சொல்வார்?

இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 2023 மார்ச்சு இறுதியில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு மாணவர் ஒருவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற காவல்துறை உயர் அதிகாரி திலகவதி தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையையடுத்து அம்மாணவரின் நெறியாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். யார்மீது எவ்வளவு குற்றம் என்று தீர்ப்புச் சொல்வது நம் பணியன்று. குழு அமைந்தது உயிர் போன பிறகு என்பதே நம் நெஞ்சை அறுக்கின்றது. அதற்கு முன்னரே அஞ்சாமல் சென்று பேசத்தக்க ஓரிடம் அவருக்கு இருந்திருத்தல் வேண்டும் அல்லவா?

செய்யத்தக்கன

பெருநிறுவனங்கள் செய்வன செய்யட்டும். நம் வட்டாரத்துப் பள்ளிகளும் கல்லூரிகளும் கூட்டுறவு நிறுவனங்களும் தொழிற்கூடங்களும் செலவின்றிச் செய்யத்தக்கன சில உள.

வழிகாட்டுபவரும் மதிப்பிடுபவரும் ஒருவராக இருத்தலாகாது. எவரிடம் தன் அறியாமையைக் காட்டிக் கற்க வேண்டுமோ, அவரே அவ்வறியாமையைக் குறித்துவைத்து வேலையிலிருந்து நீக்கும் அதிகாரமும் உடையவரானால், இளையவன் கேள்வி கேட்பதையே விட்டுவிடுவான். கேள்வி கேளாதவன் எதைக் கற்பான்?

ஒவ்வொரு புதியவருக்கும் இரண்டாவது மூத்தவர் ஒருவர் வேண்டும். அவர் வேறு துறையினராக, வழிகாட்டியின் கீழ்ப் பணிபுரியாதவராக இருத்தல் நன்று. திங்களுக்கு ஒரு முறை அரைமணி நேரம், "எப்படி இருக்கிறாய் தம்பி? என்ன கற்றாய்?" என்று கேட்டால் போதும். பெண் பணியாளருக்கு அவ்விரண்டாமவர் பெண்ணாக இருப்பின் சாலச் சிறப்பு. பணியிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் உள்ளகக் குழு வேண்டும் என்கின்றது. அது பெருங்குற்றத்திற்கான வாயில். நாள்தோறும் நேரும் சிறுசிறு புறக்கணிப்புகளுக்கும் அவமதிப்புகளுக்கும் சட்டத்தில் வாயில் இல்லை. அதை நாமேதான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் மூன்று திங்களுக்குப் பின், இருவருள் எவர் விரும்பினாலும், காரணம் சொல்லாமலே வழிகாட்டியை மாற்றிக்கொள்ளும் வழக்கம் வேண்டும். ஒவ்வாமை எவர் குற்றமும் அன்று. காரணம் கேட்கத் தொடங்கினால் அது புகாராகிவிடும், புகாரானால் பகையாகிவிடும்.

எது பணி, எது பணியன்று என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிவிடுதல் வேண்டும். மூத்தவர் வீட்டுக்குக் காய்கறி வாங்குவது பயிற்சியில் அடங்காது என்று எழுத்தில் இருந்தால், மறுக்க முடியாத இளைஞனின் சங்கடமும், கேட்டுப் பழகிவிட்ட மூத்தவரின் சங்கடமும் ஒருங்கே நீங்கும். இளையவர் செய்த பணியில் இளையவர் பெயர் இருத்தல் வேண்டும் என்பதையும் அத்தாளிலேயே எழுதுக. முடத்தெங்கை நிமிர்த்த இதுவே வழி.

மூத்தோர்பாலும் நாம் நீதியோடு நடந்துகொள்ளல் வேண்டும். எட்டி நிற்கும் மூத்தவர் எல்லாரும் தீயவரல்லர். வாரம் முழுதும் வகுப்பும், தேர்வுப் பணியும், அலுவலகப் படிவங்களும் சுமக்கும் ஒருவர் தலையில் அவரைக் கேளாமலே புதியவர் இருவரைச் சுமத்தினால் அவர் மடற்பனை ஆகாமல் வேறு என் செய்வார்? வழிகாட்டுதலையும் ஒரு பணியாகக் கணக்கிட்டு வேறு சுமையைக் குறைத்தல் வேண்டும். விருப்பமில்லாதவரை வற்புறுத்தலாகாது. நன்றாகச் செய்பவரைப் பலரறியப் பாராட்டுதல் வேண்டும்.

வேலையை விட்டுச் செல்பவரிடம் விடைபெறும் நாளில் மனம்விட்டுக் கேளுங்கள். ஒரே மூத்தவரிடமிருந்து மூவர் அடுத்தடுத்து விலகினால், மூவரும் திறமையற்றவர் என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்த ஒருவரைச் சற்று நோக்குதல் அறிவுடைமை.

இறுதியாக, உடனிருப்போர் கடமை. எள்ளல் நிகழும் அவையில் நாம் எதிர்த்து முழங்க வேண்டுவதில்லை. கூட்டம் கலைந்தபின் தனிமையில் "நீ சொன்னதே சரி" என்று கூறும் துணிவு பலருக்கும் உண்டு. அதே சொல்லை அவையில் மெல்ல எழுந்து, "அவர் கூற்றிலும் பொருள் இருக்கிறது, முழுதும் கேட்போம்" என்று சொல்லும் துணிவே வேண்டுவது. 1935இல் இலண்டனில் கிட்டாத அச்சொல் நம் ஊர் ஆசிரியர் அறையிலாவது கிட்டட்டும்.

நிறைவாக

முந்திரி பயிரிடும் நம் உழவர்க்கு ஓர் உண்மை தெரியும். மரங்களை நெருக்கி நட்டால் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், நிழல் மிகும், காய்ப்புக் குறையும். முந்திரி பூத்துக் காய்ப்பது வெயில் படும் கிளை நுனியிலேதான். ஆகவே இடைவெளி விடுகின்றனர். மூத்த கிளைகளைக் கவாத்துச் செய்து இளங்கிளைக்கு ஒளி தருகின்றனர். மரத்தின்மீது பகைகொண்டு எவரும் கவாத்துச் செய்வதில்லை.

நிறுவனங்கள் செய்ய வேண்டுவதும் இதுவே. மூத்தோரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று; இளையோர்க்கு ஒளி படுமாறு இடைவெளி விடுவதே நோக்கம். இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் மூத்தோர் ஆவீர்கள். ஆண்டிமடத்திலிருந்தோ அதனினும் சிற்றூரிலிருந்தோ கையில் பட்டத்தோடும் நெஞ்சில் நடுக்கத்தோடும் ஒரு பிள்ளை உங்கள் மேசைமுன் வந்து நிற்கும். அன்று அப்பிள்ளைக்கு ஒரு நாற்காலி தந்து அமரச்செய்யுங்கள், தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள், தெரியாதது வரும்பொழுது தெரிந்தவரிடம் அனுப்பிவையுங்கள்.